யார் இட்ட மதிப்பெண்?



பள்ளிக்கூடத்துக்குள் கணிப்பொறி நுழைந்துவிட்டது. நுழையலாமா, கூடாதா என்று திண்ணையில் அமர்ந்து வாதிட்டுக் கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. வருகைப் பதிவு அதிலே. பாடநூல் வந்ததா, மிதிவண்டி வந்ததா என்னும் கணக்கு அதிலே. மாணவன் எழுதிய விடை சரியா தவறா என்று தீர்ப்பளிக்கும் வேலையும் மெல்ல மெல்ல அதன் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் இந்த ஞாயிறு உங்களோடு பேச விரும்புகிறேன். மற்றவை கணக்கப்பிள்ளை வேலை. இதுவோ நீதிபதி வேலை. கணக்கப்பிள்ளை தவறினால் ஏட்டைத் திருத்திக் கொள்ளலாம். நீதிபதி தவறினால்?

மதிப்பெண் என்பது ஏழை வீட்டில் எத்தகைய பொருள் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைந்தால் வேறொரு கதவு திறக்கும். அப்பனுடைய தொழில் இருக்கிறது. பணம் கட்டிச் சேரும் கல்லூரி இருக்கிறது. கடல் கடந்த நாடும் இருக்கிறது. களத்துமேட்டிலும் கட்டட வேலையிலும் உழைத்துக் களைத்து, மகள் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழும் தகப்பனுக்கு வேறு கதவு ஏது? அந்த ஒரு தாளில் அச்சாகி வரும் எண்தான் அவனுக்குப் பட்டா, பத்திரம், பரம்பரைச் சொத்து எல்லாம். ஆகவே, அந்த எண்ணை இடுவது யார், எந்த முறையில் இடுகிறார், தவறு நேர்ந்தால் எவரிடம் சென்று கேட்பது என்பவை வல்லுநர்கள் மட்டும் மூடிய அறைக்குள் பேசி முடிக்கவேண்டிய செய்திகள் அல்ல. அவை அரசியல்; நாம் பேசவேண்டிய அரசியல்.

பொறியைக் கண்டு மிரளுகிறவர்கள் அல்லர் நாம். மாட்டு வண்டியே மேல் என்று ரயிலைப் பழித்தவர்களின் வரிசையில் நாம் நிற்கப் போவதுமில்லை. வரலாற்றைச் சற்றே புரட்டிப் பாருங்கள். விடைத்தாள் திருத்தும் பொறியைச் சமைத்தவர் எவரோ ஒரு பெருமுதலாளி அல்லர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அயர்ன்வுட் என்னும் ஊரில், உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்து வந்த ஓர் ஆசிரியர். ரெனால்டு ஜான்சன் என்பது அவர் பெயர். பென்சில் கரியின் வழியே மின்சாரம் பாயும் என்னும் எளிய உண்மையை வைத்துக்கொண்டு, மாணவன் கரி தீட்டிய இடம் எது என்று மின்னோட்டத்தால் கண்டறியும் பொறியை அவர் உருவாக்கினார். ஐ.பி.எம். நிறுவனம் அதை வாங்கிச் செம்மைப்படுத்தி, 805 என்று எண்ணிட்டு 1938ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. (அதே ஜான்சன்தான் பின்னாளில், 1956ல் வெளிவந்த முதல் கணிப்பொறி வட்டு நினைவகத்தை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார் என்பது கொசுறுச் செய்தி. வாத்தியார்தானே என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் குறித்துக் கொள்ளட்டும்!)

இன்னொருவர் ஸ்கின்னர் என்னும் உளவியல் அறிஞர். 1953ல் தம் மகள் படிக்கும் வகுப்பிலே கணக்குப் பாடம் நடப்பதைக் காணச் சென்றார். இரண்டு குறைகள் அவர் கண்ணில் பட்டன. போட்ட கணக்குச் சரியா என்பது பிள்ளைக்கு உடனே தெரியவில்லை. விரைந்து முடித்தவளும் திணறி நின்றவளும் ஒரே வேகத்தில் இழுத்துச் செல்லப்பட்டனர். அதற்கு மாற்றாகக் கற்பிக்கும் பொறி ஒன்றை அவர் செய்தார். எலியையும் புறாவையும் பழக்கிய முறையில் பிள்ளையைப் பழக்கலாமா என்று அவரோடு சண்டை போடலாம்; போடத்தான் வேண்டும். ஆனால், அவர் கண்ட குறைகள் இரண்டும் பொய்யல்ல. நாற்பது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பிலே ஒற்றை ஆசிரியர் எல்லா நோட்டையும் திருத்தித் திருப்பித் தருவதற்குள் வாரம் ஓடிவிடுகிறது. அதற்குள் பிள்ளை அந்தக் கணக்கையே மறந்துவிடுகிறது. இந்த இடத்தில் பொறி கைகொடுக்க வருமானால் வரட்டும். இரு கை நீட்டி வரவேற்போம்.

வரவேற்றபின் விழித்திருக்கவேண்டும்.

விழிக்கத் தவறினால் என்ன நேரும் என்பதற்கு, 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தில் நடந்ததைக் காட்டிலும் பெரிய பாடம் வேறில்லை. கொரோனா நோய் பரவியதால் அவ்வாண்டு மார்ச்சிலேயே அங்கே பள்ளிகள் மூடப்பட்டன, தேர்வுகள் நீக்கப்பட்டன. நமது பிளஸ் டூ போன்றது அவர்களுடைய ‘ஏ லெவல்’. பல்கலைக்கழக வாயிலின் திறவுகோல் அதுதான். தேர்வின்றி எப்படித் தரம் பிரிப்பது? ஆப்குவால் என்னும் தேர்வு ஒழுங்காணையம் ஒரு வழி சொன்னது. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவனுக்கும், தேர்வு நடந்திருந்தால் இன்ன தரம் பெற்றிருப்பான் என்று கணித்து அனுப்பவேண்டும். அதோடு நில்லாமல், வகுப்பில் முதல்வன் இவன், அடுத்தவன் இவன் என்று கடைசிப் பிள்ளை வரை வரிசைப்படுத்தியும் அனுப்பவேண்டும். இரண்டும் போய்ச் சேர்ந்தன. பிறகு கணிப்பொறி தன் கணக்குமுறையைத் தொடங்கியது. அல்காரிதம் என்கிறார்களே, அதுதான்.

அந்தக் கணக்குமுறை செய்தது என்ன தெரியுமா? அந்தப் பள்ளியில் அந்தப் பாடத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் எந்தத் தரம் பெற்றார்கள் என்று பார்த்தது. இவ்வாண்டு மாணவர்களின் பழைய தேர்வுகளைக் கொண்டு அதிலே சிறிது கூட்டிக் குறைத்தது. பிறகு, அந்தப் பழைய அச்சிலே இவ்வாண்டு வரிசையை ஊற்றியது! சென்ற ஆண்டுகளில் முதல்தரம் இருவருக்கு என்றால், வரிசையில் முதலிருவருக்கு முதல்தரம். அங்கே கடைசித் தரத்தில் சிலர் வீழ்ந்திருந்தார்கள் என்றால், இவ்வாண்டும் கடைசியில் நிற்கும் சிலர் வீழ்ந்தாக வேண்டும். ஆசிரியர் கணித்து அனுப்பிய தரம்? பெரிய வகுப்புகளில் அது கணக்கிலேயே எடுத்துக் கொள்ளப்படவில்லை. வரிசை மட்டுமே எடுத்துக் கொள்ளப்பட்டது.

தோழர்களே, இதன் பொருளைச் சற்று நின்று சிந்தியுங்கள். அண்ணன்மார் தவறியதால் தம்பி தவறவேண்டும். சேரிப் புறத்துப் பள்ளியிலே, தொழிலாளர் குடியிருப்புப் பள்ளியிலே, இதுவரை எவரும் எட்டாத உயரத்தை ஒரு பிள்ளை இந்த ஆண்டு எட்டிப் பிடிக்கப் போகிறது என்றால், அந்த உயரம் அங்கே இல்லவே இல்லை என்று கணக்குமுறை சாதிக்கும். பிள்ளையின் பெயர் அந்தப் பொறிக்குத் தெரியாது. தந்தையின் தொழில் தெரியாது. தோலின் நிறமும் தெரியாது. ஆனால் பள்ளி தெரியும். பள்ளி தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் மற்றவை தெரியாமலா போகும்? பிறந்த இடத்தைக் கொண்டு பிள்ளையின் தகுதியை முடிவுகட்டும் வழக்கத்துக்கு நம் நாட்டில் என்ன பெயர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அந்தப் பழைய சரக்குக்கு அங்கே புள்ளிவிவரச் சட்டை மாட்டிவிட்டார்கள்!

வேடிக்கை இத்துடன் முடியவில்லை. ஒரு பாடத்தில் ஐந்து பேருக்கு மேற்படாத சிறு வகுப்பாயின், புள்ளிவிவரம் பொருந்தாது என்று கூறி, ஆசிரியர் கொடுத்த தரத்தையே ஏற்றார்கள். பதினைந்து பேர் வரை என்றால் ஆசிரியர் சொல்லுக்கும் ஓரளவு இடம் கொடுத்தார்கள். கணக்கியல்படி இதிலே தவறில்லை என்று வல்லுநர் வாதிடலாம். ஆனால், ஒரு பாடத்துக்கு நாலைந்து பேரை மட்டும் உட்காரவைத்துக் கற்பிக்கும் வசதி எவருடைய பள்ளியில் உண்டு? கட்டணம் கட்டிப் படிக்கும் தனியார் பள்ளியில்! அங்கே ஆசிரியரின் தாராள மனம் அப்படியே தரமாயிற்று. நிரம்பி வழியும் பொதுப் பள்ளியில் ஆசிரியரின் கணிப்பு குப்பைக் கூடைக்குப் போயிற்று. ஆகஸ்டு 13ஆம் நாள் முடிவுகள் வெளிவந்தபோது, ஆசிரியர் கணித்த தரங்களில் நூற்றுக்கு 39 குறைக்கப்பட்டிருந்தன. முதல் தரங்களைப் பெற்றோரின் பங்கு, முந்தைய ஆண்டைவிடத் தனியார் பள்ளிகளில் 4.7 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தது. பொதுப் பள்ளிகளில் 2 புள்ளி. எளியோர் பெருமளவில் படிக்கும் மேற்படிப்புக் கல்லூரிகளில் 0.3 புள்ளி. ஸ்காட்லாந்திலும் இதே கதைதான். சற்று முன்னதாக, ஆகஸ்டு 4ஆம் நாள் வெளியான அதன் முடிவுகளில், ஏழ்மை மிகுந்த பகுதிகளின் தேர்ச்சி ‘ஹையர்’ தேர்வில் ஆசிரியர் கணிப்பிலிருந்து 15.2 புள்ளி இறக்கப்பட்டது. செல்வம் மிகுந்த பகுதிகளில் 6.9 புள்ளி.

மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். லண்டனில் கல்வித்துறை அலுவலகத்தின் முன்னே பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கூடி, கணக்குமுறையை வசைபாடி முழங்கினார்கள். ஒரு நாட்டின் மாணவர்கள் ஒரு சூத்திரத்துக்கு எதிராக ஊர்வலம் போனதை அன்றுதான் உலகம் கண்டது. ஸ்காட்லாந்து அரசு ஒரே வாரத்தில் பணிந்தது. இங்கிலாந்து அரசு முறைத்துப் பார்த்தது, முனகியது, நான்கே நாளில், ஆகஸ்டு 17ல், அதுவும் பணிந்தது. ஆசிரியர் கணித்த தரமே செல்லும், கணிப்பொறி கூடுதலாகத் தந்திருந்தால் அது செல்லும் என்று அறிவித்தது. ஆணையத்தின் தலைவர் பதவி விலகினார். கல்வி அமைச்சர் விலகவில்லை.

அதற்குப் பின்னர் அந்நாட்டுப் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஒரு பள்ளிக்குச் சென்று பேசியதுதான் இந்த நாடகத்தின் உச்சக் காட்சி. ஏதோ விகாரமாய் உருமாறிப் போன கணக்குமுறை ஒன்றால் உங்கள் தரங்கள் தடம்புரளப் பார்த்தன என்ற கருத்தில் அவர் பிள்ளைகளிடம் பேசினார். எவ்வளவு எளிது பாருங்கள்! பழி பொறியின் தலையில். ஆனால், முந்தைய ஆண்டுகளின் தர அளவைத் தாண்டிவிடாமல் பார்த்துக்கொள் என்று ஆணையத்துக்குப் பணித்தது யார்? கல்வி அமைச்சர். அந்தப் பணிப்பை அந்தப் பொறி எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது. அது உருமாறவில்லை, வழிதவறவில்லை, எசமானன் சொன்னதைச் செய்தது. மனிதர் எடுத்த முடிவை மறைத்துக்கொள்ளப் பொறி ஒரு திரையாகிறது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து கற்றுக்கொண்டாலே போதும்.

நம் நாட்டிலும் அதே நோய்க்காலம் வந்தது. தமிழ்நாட்டில் 2020 சூன் 9ஆம் நாள் பத்தாம் வகுப்புத் தேர்வு நீக்கப்பட்டு, காலாண்டு அரையாண்டுத் தேர்வுகளுக்கு எண்பது விழுக்காடும் வருகைக்கு இருபது விழுக்காடும் என்று மதிப்பெண் வழங்கப்பட்டது. 2021ல் பிளஸ் டூ மாணவர்க்குப் பத்தாம் வகுப்பிலிருந்து ஐம்பது, பதினொன்றிலிருந்து இருபது, பன்னிரண்டின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து முப்பது விழுக்காடு என்று பங்கிட்டார்கள். குறை உண்டு. வருகைக்கு இருபது என்றால், அறுவடைக் காலத்தில் தாயோடு கூலிக்குப் போன பிள்ளையின் கதி என்ன? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மாணவன் தானே எழுதிய தேர்வும், தானே வந்த நாளும்தான் கணக்கில் வந்தன. அவனுக்கு முன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுடைய தோல்வி அவன் தலையில் கட்டப்படவில்லை. மேலும், எட்டாம் வகுப்புப் படித்தவரும் தாளிலே போட்டுப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய கணக்கு அது. இங்கிலாந்துச் சூத்திரத்தைப் புரிந்துகொள்ளப் புள்ளியியல் பட்டம் தேவைப்பட்டது. இந்த வேறுபாட்டை அற்பமென்று தள்ளாதீர்கள். புரியாத தீர்ப்பை எதிர்த்து எவரும் மேல்முறையீடு செய்ய முடியாது.

வேறொரு மாநிலத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 18ஆம் நாள் தெலங்கானாவில் இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியாயின. ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதிய தேர்வு. முடிவுகளைத் தொகுக்கும் வேலை ஒரு தனியார் நிறுவனத்தின் மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தேர்வெழுதியவர் எழுதவில்லை என்று வந்தது. நன்றாகப் படித்தவர் தவறினார் என்று வந்தது. நன்கு படிக்கும் மாணவி ஒருத்திக்குத் தெலுங்கிலே, தன் தாய்மொழியிலே, சுழி! விடைத்தாளை எடுத்துப் பார்த்தால் அவள் பெற்றிருந்தது 99. நடந்தது என்னவென்றால், ஓ.எம்.ஆர். தாளில் 99 என்று வட்டம் நிரப்பவேண்டிய இடத்தில், திருத்தியவர் 00 என்று நிரப்பிவிட்டார். சரிபார்க்கவேண்டியவரும் அதைக் காணத் தவறினார். பொறி தனக்குக் காட்டப்பட்டதை நம்பியது.

பொறிக்குத் திடுக்கிடத் தெரியாது, தோழர்களே. நம் ஊர் வாத்தியார் ஒருவர் கையிலே அந்தப் பட்டியல் போயிருந்தால், மற்றப் பாடங்களிலெல்லாம் மேலோங்கி நிற்கும் பெண்ணுக்குத் தாய்மொழியில் சுழியா என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்திருப்பார். அந்த ஒரு கணத் திடுக்கிடல்தான் நூற்றாண்டுகளாகப் பள்ளிக்கூடங்களைக் காத்து வந்தது. அதை நீக்கிவிட்டு அதன் இடத்தில் எதையும் வைக்காமல் விட்டதுதான் அங்கே நடந்த குற்றம். முடிவுகள் வந்த சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர் என்று செய்தி ஏடுகள் எழுதின. அரசு அமைத்த மூவர் குழு, மென்பொருளின் செயற்பாட்டில் பிழைகள் இருந்தன என்று கண்டது. தவறியவர் அனைவருடைய விடைத்தாளும் கட்டணமின்றி மறுபடி சரிபார்க்கப்படும் என்று அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. முடிவு வெளிவருமுன் செய்திருக்கவேண்டிய வேலைக்கு, வெளிவந்தபின் போட்ட ஆணை!

“அப்படியானால் பழையபடி மனிதர்களே திருத்தட்டும், பொறி வேண்டாம் என்கிறீரா?” என்று நண்பர் ஒருவர் கேட்கக்கூடும். இல்லை. மனிதர் கை மட்டும் மாசற்றதா என்ன? ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்னும் பொருளாதார ஆய்வாளர் இருவர் இந்திய நகரம் ஒன்றில் ஒரு சோதனை செய்து, 2012ல் அதை வெளியிட்டனர். பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களின் முகப்பிலே சாதி, வயது, பால் ஆகியவற்றைத் தாறுமாறாக மாற்றி எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். எழுதிய விடைக்கும் முகப்பில் கண்ட சாதிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அப்படியிருந்தும், தாழ்த்தப்பட்ட சாதி என்று முகப்பில் எழுதப்பட்டிருந்த தாள்களுக்குச் சராசரியாக மதிப்பெண் குறைந்தது! குறைந்த அளவு சிறிதுதான். ஆனால், கட்-ஆஃப் என்னும் கோட்டின் விளிம்பில் நிற்கிற பிள்ளைக்குச் சிறிது என்பதே இல்லை. ஆகவே பெயரை மறைத்து, மாற்று எண் இட்டு, வேற்று ஊர் முகாமிலே திருத்துகிறோமே, அந்த ஏற்பாடு வீண் ஏற்பாடு அன்று. கணிப்பொறி அந்த மறைப்பை இன்னும் வலுவாக்க முடியும். கூட்டல் பிழையை ஒழிக்க முடியும். எந்தக் கேள்வியில் வகுப்பே தடுமாறியது என்று ஒரு நொடியில் காட்ட முடியும். இவையெல்லாம் அதற்கு உரிய வேலைகள். கொடுப்போம்.

கொடுக்கக் கூடாத வேலையும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2024 முதல், பள்ளிப் பிள்ளைகள் சொந்த நடையில் எழுதும் விடைகளையும் முதலில் கணிப்பொறியே மதிப்பிடட்டும் என்று வைத்தது. ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை மட்டும் மனிதர் மீண்டும் பார்ப்பர். முந்தைய ஆண்டு ஆறாயிரம் பேரைத் திருத்த அமர்த்திய மாநிலம், அவ்வாண்டு இரண்டாயிரத்துக்கும் குறைவானவரோடு முடித்துக்கொண்டது. சிக்கனம்! கட்டுரையைப் பொறி எப்படி மதிப்பிடும் என்று சோதித்தவர் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன். அவரும் மாணவர் சிலரும் 2014ல் ஒரு குறும்புப் பொறி செய்தார்கள். இரண்டொரு சொல்லைக் கொடுத்தால், நீண்ட வாக்கியங்களும் கடினச் சொற்களும் நிரம்பிய, ஆனால் தலையும் வாலும் புரியாத கட்டுரையை அது கக்கும். அந்தப் பிதற்றலுக்குத் திருத்தும் பொறிகள் உயர்ந்த மதிப்பெண் அளித்தன! பொருளற்ற ஆரவாரத்துக்குப் பரிசு கிடைக்கும் என்று தெரிந்தால், பயிற்சி மையங்கள் எதைக் கற்பிக்கும் என்று ஊகிக்க முடியாதா? அன்றைய பொறிகளைவிட இன்றையவை கூர்மை மிக்கவை, உண்மை. ஆயினும், பிள்ளை எழுதியதைப் படித்து, நீ சொல்ல வந்தது இது, ஆனால் இங்கே இடறிவிட்டாய் என்று பொறுப்பேற்றுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

இங்கேதான் நாம் அடிக்கடி மறந்துவிடும் ஒரு செய்தி வருகிறது. மதிப்பெண் வேறு, திருத்தக் குறிப்பு வேறு. இஸ்ரேலைச் சேர்ந்த ரூத் பட்லர் என்னும் கல்வி ஆய்வாளர் 1988ல் வெளியிட்ட ஆய்வொன்று கல்வி உலகில் பெரிதும் பேசப்படுவது. ஒரு சாரார்க்கு மதிப்பெண் மட்டும். இன்னொரு சாரார்க்கு எங்கே தவறினாய், எப்படித் திருத்தலாம் என்னும் குறிப்பு மட்டும். மூன்றாம் சாரார்க்கு இரண்டும். முன்னேறியவர் யார்? குறிப்பு மட்டும் பெற்றவர்! இரண்டும் பெற்றவர், மதிப்பெண் மட்டும் பெற்றவரைப் போலவே நின்றுவிட்டார்கள். எண்ணைக் கண்ட கண் எழுத்தைப் படிப்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாலே இது விளங்கும். தாள் கைக்கு வந்ததும் முதலில் தேடுவது மூலையில் உள்ள சிவப்பு எண்ணை, அடுத்துப் பார்ப்பது பக்கத்துப் பையனுடைய சிவப்பு எண்ணை. ஆக, ஒரு செயலி நொடிக்கு நூறு மதிப்பெண் போடுகிறது என்று மார்தட்டுகிறவரிடம் நாம் கேட்கவேண்டியது, அது எத்தனை பிள்ளைகளுக்கு எதைத் திருத்திக்கொள்ளச் சொன்னது என்பதே.

தமிழ்நாட்டில் 2022 சூன் 13ஆம் நாள், திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நோய்க்காலத்தில் பள்ளி மூடியதால் எழுத்தும் எண்ணும் விட்டுப்போன பிள்ளைகளை, அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பது அதன் வழி. ஸ்கின்னர் சொன்ன இரண்டாம் குறைக்கு, பொறியில்லாமலே மனிதர் கண்ட விடை என்று அதை நான் மதிக்கிறேன். தவறினான், தேறினான் என்று முத்திரை குத்தாமல் அரும்பு என்று அழைப்பதிலே ஒரு பண்பும் இருக்கிறது. அரும்பு மலரும் அல்லவா! ஆனால், பிள்ளையின் நிலையை அறியும் மதிப்பீடு கைப்பேசிச் செயலியில் ஏற்றப்படவேண்டும் என்றானபோது ஆசிரியர் அமைப்புகள் முறையிட்டன. இணையம் இழுக்கவில்லை, செயலி நகரவில்லை, கற்பிக்கும் நேரம் பதிவேற்றத்தில் கரைகிறது என்றன. அந்த முறையீட்டைச் சோம்பேறிகளின் சாக்கு என்று எவரும் தள்ளக்கூடாது. மலைக்கிராமத்து ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைவரிசை தேடி வெளியே நின்றால், உள்ளே ஐந்து வகுப்புக்கும் ஒருவரே மிஞ்சுகிறார். பிள்ளைக்கு உதவ வந்த கணக்கு, பிள்ளையின் நேரத்தைத் தின்னலாமா? செயலியில் ஏறும் தகவல் சென்னைக்குப் போகிறது, சரி. அதே தகவல் மறுநாள் காலை அந்த ஆசிரியருக்குப் பயன்படும் வடிவில், இந்த ஏழு பிள்ளைகளுக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லை என்று, திரும்பி வருகிறதா? மேலே போகும் பாதை அகலமாயும் கீழே வரும் பாதை ஒற்றையடியாயும் இருந்தால், அது கண்காணிப்பு, கற்பித்தலுக்கு உதவியாகாது.

நமக்கு ஒரு பிடிப்பு இருக்கிறது. திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தேர்வெழுதியவனுக்கு உண்டு என்று 2011ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாநிலப் பிளஸ் டூவில் விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு என்று படிகள் இருக்கின்றன. இவை மனிதர் திருத்தும் காலத்தில் பெற்ற உரிமைகள். நாளை பொறி திருத்தும்போது, நகலில் என்ன இருக்கும்? எண் மட்டும் இருந்து காரணம் இல்லையென்றால், அந்த நகலை வைத்துக்கொண்டு அந்தத் தகப்பன் எந்த அலுவலகத்து வாசலில் போய் நிற்பான்? கணக்குமுறை எங்கள் வணிக இரகசியம் என்று நிறுவனம் சொன்னால், அரசு வாய்மூடி நிற்குமா? ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே, முறை முழுதும் வெளிப்படையாக இருக்கவேண்டும், முதலாண்டு முழுதும் பழைய முறையும் புதிய முறையும் அருகருகே நடக்கவேண்டும், தவறு என்று பிள்ளை சொன்னால் பெயரும் பொறுப்பும் உள்ள ஓர் ஆசிரியர் கட்டணமின்றிப் படித்துப் பார்த்து விடையிறுக்கவேண்டும் என்று எழுதி வாங்கவேண்டும். சட்டமன்றத்தில் நம்மவர் கேட்கட்டும். அது அவர்கள் கடமை.

உங்கள் கடமை ஊரிலே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 அமைத்துத் தந்த பள்ளி மேலாண்மைக் குழு உங்கள் ஊர்ப் பள்ளியிலும் உண்டு. பெற்றோர்களே அதில் பெரும்பான்மை. தலைவராய் இருப்பவரும் ஒரு தாயோ தந்தையோதான். தேநீர் அருந்திவிட்டுக் கையெழுத்திட்டுத் திரும்பும் கூட்டமாக அதை ஆக்கிவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குப் போகும் தோழர், தலைமையாசிரியரிடம் மரியாதையோடு கேட்கட்டும்: ஐயா, நம் பிள்ளைகளைப் பற்றிச் சென்ற திங்கள் எத்தனை முறை செயலியில் பதிவேற்றினீர்கள்? அதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று? அதிலிருந்து திரும்பி வந்தது என்ன? அதைக் கொண்டு எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடத்தை மறுபடி நடத்தினீர்கள்? அவர் சொல்லும் விடையை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இணையம் இல்லை என்பாரானால் அதையும் எழுதுங்கள். ஆசிரியர் பணியிடம் காலி என்பாரானால், எத்தனை திங்களாகக் காலி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நகலொன்றை வட்டாரக் கல்வி அலுவலருக்கும், இன்னொன்றை நம் ஏட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.